கோடு நகரவில்லை

மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அப்பா ஸ்பேனர் செருகுவார். சட்டையின் இடது பையில், பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர். அவருடைய எல்லாச் சட்டைகளுக்கும் அந்தப் பை கொஞ்சம் தொங்கும். பையின் அடியில், எத்தனை துவைத்தாலும் போகாத கறுப்புக் கறை இருக்கும். புதுச் சட்டை வாங்கினால் அம்மா முதலில் பைக்குள் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துவிட்டுத்தான் அவருக்குக் கொடுப்பாள். கல்லூரியில் என்னைச் சேர்க்கப் போனபோது, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார் குமாஸ்தா. அப்பா பையில் கைவிட்டு ஸ்பேனரை எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளே போட்டார், குமாஸ்தாவின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனாவை ஸ்பேனருக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

பட்டமளிப்பு விழா அன்று மண்டப வாசலில் காவலாளி அவர் பையைத் தட்டிப் பார்த்து, "இது எதுக்குங்க?" என்று கேட்டார்.

"பொண்ணு பட்டம் வாங்குது."

அதற்கு மேல் என்ன கேட்பது என்று காவலாளிக்குத் தெரியவில்லை. உள்ளே விட்டுவிட்டார்.

நான் அதை ஒரு பந்தா என்றே நினைத்திருந்தேன். சில டாக்டர்கள் சாப்பிடும் இடத்திலும் கழுத்தில் குழாயோடு திரிவார்கள் அல்லவா, அப்படி. ஒரு லாரியில் எத்தனையோ அளவில் போல்ட் உண்டு. மனிதர் ஏன் ஒரே ஒரு அளவு ஸ்பேனரை மட்டும் சுமக்கிறார் என்று நான் யோசித்திருக்கலாம். படித்தது புள்ளியியல். திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பதுதான் பாடமே. கவனிக்கவில்லை. விஷயம் அப்பா போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

லாரி நிறுத்தத்தில் அப்பாவின் பெயர் 'அவசரம்'. யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்து வைத்தது. சமையல் முடிவதற்குள் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவார். பேருந்து நிற்பதற்குள் இறங்குவார். யாராவது கதை சொன்னால் முடிவை அவரே சொல்லிவிடுவார், பெரும்பாலும் தப்பாக. அவரிடம் இருந்தது பழைய பெட்ரோல் லாரி. வாங்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. முகம் உருண்டை, ஒரு விளக்கு சற்றுக் கீழே பார்க்கும், கதவை மூட இடுப்பால் ஓர் இடி கொடுக்க வேண்டும். ஆற்றோரத்து மரக்கிடங்கிலிருந்து பலகை ஏற்றி, செங்குத்தான சரிவில் ஏறி, ஊருக்குள் கட்டடம் நடக்கும் இடங்களுக்குக் கொண்டுபோவார். அந்தச் சரிவில் யார் வண்டி கியர் மாற்றாமல் ஏறுகிறது என்பதில்தான் அங்கே ஒருவருடைய மானம் இருந்தது.

அந்த லாரிக்கு டைமிங் வைப்பவர் மாமா, அம்மாவின் அண்ணன். பழைய பெட்ரோல் என்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு. எந்தப் பிளக்குக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதுதான். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் பொறி விழ வேண்டும். ரொம்ப முந்திவிட்டால், மாடிப்படி ஏறி வருகிறவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிய மாதிரி. பிந்திவிட்டால், கிளம்பிப் போனவனைத் தெருமுனை வரை துரத்திப்போய் முதுகில் தட்டிய மாதிரி. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் ஒரே போல்ட்டைத் தளர்த்தி, அதை மயிரிழை இப்படியோ அப்படியோ திருப்பினால் பொறி முந்தும், பிந்தும்; டைமிங் வைப்பது என்பது இதுதான். அந்தப் போல்ட்டின் அளவு பதிமூன்று.

மாமா அதை வைக்கும் அழகே தனி. என்ஜினின் முன்பக்கம் சுற்றும் சக்கரமான புல்லியில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கும், அதில் சாக்பீஸ் தேய்ப்பார். முதல் பிளக்கின் ஒயரில் டைமிங் விளக்கை மாட்டுவார். பொறி விழும்போதெல்லாம் விளக்கு மின்னும். வேகமாகச் சுற்றும் புல்லி அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். வெள்ளைப் பள்ளம் பக்கத்தில் பொறித்திருக்கும் எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறது என்று பார்த்து, இரண்டே விரலால் டிஸ்ட்ரிபியூட்டரை நகர்த்தி, போல்ட்டை முறுக்குவார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது இருமினால்கூட முறைப்பார்.

"வெச்சாச்சு மாப்ளே. இனிமே நீ கை வைக்காத."

"நான் எதுக்கு மச்சான் கை வைக்கப்போறேன்? உன் கை மாதிரி வருமா?"

அப்பா வண்டியை எடுப்பார். பட்டறையைத் தாண்டி, தெரு திரும்பி, மூடிக்கிடந்த தியேட்டரின் பின்சுவர் ஓரமாக நிறுத்துவார். இறங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். பானெட்டைத் தூக்கி, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, ஒரு நகக்கண் அளவு முந்தி வைப்பார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அது தன்னுடைய வண்டியாகத் தோன்றும்.

முந்தி வைத்தால் வண்டி துள்ளும். சரிவில் சுமையோடு ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தமும் வரும். அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். "என்ஜின் சிரிக்குது பாரு" என்பார். அதே சத்தத்தை ஒருநாள் மாமா கேட்டுவிட்டார்.

"அது சிரிப்பில்ல மாப்ளே, பல்லு நொறுங்குற சத்தம்" என்று அங்கேயே பானெட்டைத் திறந்து பார்த்தார். டைமிங் நகர்ந்திருந்தது.

மாப்பிள்ளை மேல் மாமாவுக்குச் சந்தேகமே வரவில்லை. போல்ட் மேல் வந்தது. போல்ட்டை மாற்றினார். பிறகு வாஷரை மாற்றினார். பிறகு தன் கையாலேயே தடித்த இரும்பில் புதுப் பிடி ஒன்று செய்து மாட்டினார். ஒவ்வொரு முறையும் தியேட்டர் சுவர் ஓரத்தில் அது தளர்ந்தது. கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். டைமிங் வைத்து முடித்ததும், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து என்ஜின் உடம்பு வரை நேராக ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு இழுத்துவிட்டார். நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"இப்ப எப்படி நகருதுன்னு பாத்துடறேன்" என்றார்.

"அதானே" என்றார் அப்பா.

அந்த மாதம் அம்மாவின் நகப்பூச்சு வேகமாகக் காலியானது. வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொள்ள அவள் வைத்திருந்த சிவப்பு. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நகம் உள்ள இன்னொரு பெண் நான்தான் என்பதால் முதுகில் ஒன்று விழுந்தது. அப்பா அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். சில நாள் கழித்து, லாரியின் டாஷ்போர்டுப் பெட்டியில் குடையைத் தேடிய அம்மாவின் கையில் பாட்டில் அகப்பட்டது. அப்பாவைப் பிடித்து உலுக்கியதில் எல்லாம் வெளியே வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிய பிறகு, அதன் மேல் இருக்கும் பாதிக் கோட்டை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, கீழ்ப்பாதிக்கு நேராக நகப்பூச்சால் புதிதாக வரைந்துவிடுவாராம்.

"பிரஷ் சின்னதா இருக்குல்ல, கோடு அழகா வருது" என்றாராம் அப்பா.

"அண்ணன் பைத்தியமா அலையுதுங்க. சொல்லிடுங்க."

"சொல்லலாம். என்ன அவசரம்?"

அந்த வாய் வாழ்நாளில் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் அப்படிச் சொன்னது.

கோடு நகரவில்லை என்பதால் மாமாவும் நிம்மதியாக இருந்தார். இது நீடித்திருந்தால் கதையாகவே ஆகியிருக்காது. ஒருநாள் வழக்கத்தைவிட அதிகமாகப் பலகை ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறும்போது என்ஜின் சிரித்தது, பலமாகச் சிரித்தது, பிறகு நிறுத்திவிட்டது. பின்னால் நீலப் புகை. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் தன் வண்டியில் கயிறு கட்டி, பட்டறை வரை இழுத்து வந்தார். கூடவே லாரி நிறுத்தத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

மாமா முதலில் கோட்டைப் பார்த்தார். நேராக இருந்தது. பிறகு ஒரு சின்ன பல்பை மாட்டி, என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தார். பொறி விழும் நேரத்தில் அந்தப் பல்பு எரியும். பள்ளம் தன் இடத்துக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே எரிந்தது. இன்னொரு முறை சுற்றினார். அப்போதும் அப்படித்தான். என்ஜினின் மேல்மூடியைக் கழற்றியபோது ஒரு பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் ஓட்டை.

"கோடு நகரல" என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்போ நான் வெச்சதே தப்பு."

"டாக்டரே விஷம் குடுத்தா நாங்க எங்க போறது?" என்றார் நெட்டை. சிரித்தார்கள்.

அப்பா அங்கேதான் நின்றார். சொல்ல ஒரு வரி போதும். மாமா திரும்பாமலே கையை நீட்டி, "பதிமூணு குடு மாப்ளே" என்றார். அப்பா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அன்றைக்கும் வீட்டில் முதல் ஆளாகச் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவியவர் குழாயை மூடாமல் வெகுநேரம் அப்படியே நின்றார் என்று அம்மா சொன்னாள்.

தப்பு தன்னுடையது என்பதால், அந்த என்ஜினை மாமா மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, தானே இறக்கி, தானே ஏற்றினார். அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பயம் அவர் கைக்குள் புகுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த லாரிக்கு டைமிங் வைத்தாலும் கொஞ்சம் பிந்தியே வைத்தார். பிந்தி வைத்தால் பிஸ்டன் ஓட்டையாகாது. வண்டியும் ஓடாது. எங்கள் ஊர் லாரிகள் ஒவ்வொன்றாக மந்தமாகின. சரிவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவற்றை நடந்தே முந்தினார்கள். "மாமாகிட்ட விட்டா வண்டி தூங்கிடும்" என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். 'மாமா' என்று அவர்கள் சொன்னதில் மரியாதை இருந்ததாக நினைவில்லை.

எங்கள் லாரிக்கும் பிந்தித்தான் வைத்து, கோடு இழுத்தார். அப்பா தியேட்டர் சுவர் ஓரம் நிறுத்தி, நகக்கண் அளவு முந்தி வைத்தார். பிந்தியதை முந்தினால் என்ன ஆகும்? மிகச் சரியாக ஆகும். ஊரிலேயே ஒழுங்காகச் சரிவில் ஏறும் ஒரே வண்டி எங்களுடையதாயிற்று. மரக்கிடங்கில் முதல் சுமை அப்பாவுக்கு. "அவசரம் வண்டி மட்டும் எப்படிப்பா?" என்று நெட்டை கேட்டால், "எல்லாம் மச்சான் கை" என்பார். அவர் சொன்ன பொய்களிலேயே அதுதான் கேவலமானது, அன்பானதும் அதுதான். அவற்றை எப்படிப் பிரிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த வண்டி அப்படி இழுத்ததால்தான் நான் கல்லூரிக்குப் போனேன் என்பது மட்டும் தெரியும்.

மாமாவோ ஒருமுறை சூடு பட்டதால், இப்போது ஒவ்வொரு முறையும் கோட்டை நம்பாமல் விளக்கு வைத்தும் பார்த்தார். கோடு நேராக இருக்கிறது. டைமிங் நகர்ந்திருக்கிறது. இது உலகத்தில் நடக்க முடியாத காரியம். விளக்கை மாற்றினார். அப்போதும் அப்படியே. கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டார். கண்ணாடி வழியாகவும் அதே அதிசயம். ஆகவே கோளாறு தனக்குத்தான் என்று முடிவு கட்டி, ஊர் லாரிகளை இன்னும் கொஞ்சம் பிந்தி வைத்தார்.

"கண்ணாடி வரைக்கும் போயிடுச்சுங்க" என்றாள் அம்மா.

"சொல்றேன், சொல்றேன். அவன் நல்ல மூடுல இருக்கும்போது சொல்றேன்."

மாமா நல்ல மூடில் இருக்க வழியே இல்லாமல் பண்ணியவர் அவர்தான்.

போன வருடம் அப்பா முடி வெட்டும் கடைக்குப் போனார். காத்திருந்தவரிடம், "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லி முந்திப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பாதித் தலை வெட்டியிருந்தபோது இதயம் நின்றுவிட்டது. கடைக்காரர் மீதிப் பாதியையும் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார், நல்ல மனிதர். காத்திருந்தவர் எங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

லாரியை விற்க முடிவு செய்தோம். பழைய வண்டிகள் மேல் ஆசை உள்ள ஒரு பழ வியாபாரி கேட்டார். என்ஜினை ஒருமுறை பார்த்து வைக்கச் சொன்னார். மாமா காலையிலேயே விளக்கும் பையுமாக வந்தார்.

"இதுதாம்மா கடைசி" என்றார் அம்மாவிடம். "மாப்பிள்ளை வண்டியாச்சேன்னு வந்தேன். இனிமே யாருக்கும் டைமிங் வைக்கறதா இல்ல. விளக்க யாருக்காவது குடுத்துடப்போறேன். கை பொய் சொல்லலாம், கண்ணும் சேர்ந்து பொய் சொன்னா என்ன பண்றது?"

அவர் முற்றத்துக்குப் போனதும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து எல்லாவற்றையும் கொட்டினாள். நான் மேலே எழுதியதில் பாதி, அடுப்பில் பால் பொங்கி வழிவதற்குள் கேட்டது.

"போய்ச் சொல்லு."

"நான் ஏம்மா? நீ சொல்லு."

"நான் சொன்னா, இத்தனை நாள் தெரிஞ்சும் சும்மாவா இருந்தேன்னு கேப்பாரு. நீதான் படிச்சவ, பக்குவமா சொல்லு."

"என் படிப்புல இது வரலம்மா."

அவள் என் கையில் பஞ்சையும், நகப்பூச்சை அழிக்கும் திரவப் பாட்டிலையும் திணித்தாள்.

முற்றத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"இரு, இதப் பாரு" என்று விளக்கைப் பிடித்தார். "போன தடவை பிந்தி வெச்சேன். இதே கையால. கோடு அப்படியே இருக்கு. இப்போ சரியா நிக்குது. சரியா நிக்கக் கூடாது பாப்பா. சரியா நிக்கறதுதான் தப்பு."

என்ஜினை நிறுத்தச் சொன்னேன். பஞ்சை நனைத்துக் கோட்டின் மேல்பாதியைத் தேய்த்தேன். சிவப்பு பஞ்சில் இறங்கியது. அவசரத்தில் அப்பா ஒருமுறையும் முழுதாகச் சுரண்டவில்லை போலிருக்கிறது, அடியில் ரோஸ் வந்தது. அதையும் தேய்த்தால் கருஞ்சிவப்பு. அதற்கும் அடியில், உறவினர் கல்யாணத்துக்காக அம்மா வாங்கிய மினுமினுப்பு. கோட்டின் கீழ்ப்பாதி மட்டும் அசையாமல் இருந்தது. அது மாமாவின் பெயின்ட்.

மாமா பஞ்சை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"என்ன இது?"

"அம்மாவோட நெயில் பாலிஷ். அப்பா ஒவ்வொரு தடவையும் திருப்பி வெச்சிட்டு, கோட்ட இதால வரைஞ்சிருக்கார்."

அவர் மெல்ல பம்பரில் உட்கார்ந்தார். "ஒருவாட்டி இது மினுங்குச்சு. எண்ணெய்னு நெனச்சேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த பிஸ்டன்?"

"அதுவும்தான் மாமா."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். "அப்போ இது?"

"தேவைப்பட்டிருக்காது."

"படிக்க உதவுது" என்று முறைத்துக்கொண்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். மாமா அவளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"எப்போலேர்ந்து?"

"பாட்டில் காலியானதுலேர்ந்து."

"நல்ல குடும்பம்" என்றார் மாமா. எழுந்தார், லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், போகிற போக்கில் டயரை ஓர் உதை உதைத்தார். "செத்துப்போனதால தப்பிச்சான். இல்லேன்னா நானே கொன்னிருப்பேன்."

பிறகு கையை நீட்டினார். நான் அப்பாவின் ஸ்பேனரைக் கொடுத்தேன். அப்பாவின் சட்டைகளை எடுத்து வைத்தபோது நான் எடுத்து வைத்துக்கொண்டது. என்ஜினை ஓடவிட்டு, போல்ட்டைத் தளர்த்தினார். விளக்கைப் பிடித்தார். டிஸ்ட்ரிபியூட்டரை அந்தப் பக்கம் நகர்த்தி, இந்தப் பக்கம் நகர்த்தி, கடைசியில் முன்பு இருந்த அதே இடத்தில் நிறுத்தி முறுக்கினார். அப்பா கண்ணளவில் வைத்ததும் அதே இடம்தான் என்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்போ இது நான் வெச்சது" என்றார். கோடு இழுக்கவில்லை.

அங்கே நின்றபடியே நெட்டைக்குப் போன் போட்டார். "நாளைக்கு வண்டிய பட்டறைக்குக் கொண்டா. ஆமாய்யா, டைமிங்தான். தூங்குதுன்னு ஊரெல்லாம் சொன்னியாமே, எழுப்பி விடறேன்... என்ன ஆச்சா? ஒண்ணும் ஆகல. கண்ணு தெளிஞ்சிடுச்சு." அப்பாவின் பெயரை அவர் சொல்லவில்லை. நெட்டையிடம் இதைச் சொன்னால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், அவருடைய மானமும் திரும்பியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

அவர் பையைக் கட்டும்போது நான் பக்கத்தில் போனேன். "மாமா, அப்பாவுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அந்த வண்டி இழுத்துதானே நான் படிச்சேன்."

"நீயா திருப்பினே?"

"இல்ல."

"நீயா வரைஞ்சே?"

"இல்ல மாமா, ஆனா..."

"அப்போ உனக்கென்ன வேலை? அது அவன் எனக்குத் தரவேண்டியது. அவன் வாயால, என் மூஞ்சியப் பாத்து. நீ குடுத்தா நான் வாங்க மாட்டேன். உங்கம்மா குடுத்தாலும் வாங்க மாட்டேன்." ஸ்பேனரைத் துணியால் துடைத்து என்னிடம் திருப்பித் தந்தார். "அப்படியே கெடக்கட்டும். அங்க போய் நானே கேட்டு வாங்கிக்கறேன்."

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"எனக்கொண்ணும் அவசரம் இல்ல."